அலகு நனையட்டும், பிடி நனைய வேண்டாம்: மடக்குச் சவரக்கத்தியைத் தொற்றுநீக்கும் முறை

சவரக்கத்தி சவரம் செய்து கெடுவது குறைவு. சுத்தம் செய்யப் போய்க் கெடுவதே அதிகம். கொதிநீரில் போட்ட கொம்புப் பிடி ஏடு ஏடாகப் பிரியும். குளோரின் நீரில் இரவு முழுக்கக் கிடந்த அலகில் காலையில் குழி விழுந்திருக்கும். அடுப்புத் தணலில் காட்டிய கத்தி அதற்குப் பிறகு எந்தக் கல்லில் தீட்டினாலும் கூர் நிற்காது. இதையெல்லாம் செய்கிறவர்கள் அக்கறை இல்லாதவர்கள் அல்ல. அடுத்தவருக்கு நோய் தொற்றக் கூடாது என்று நினைத்துத்தான் செய்கிறார்கள். அந்த நல்ல எண்ணத்துக்குச் சரியான வழி இருக்கிறது.

விதி ஒன்றே ஒன்று. அலகையும் பிடியையும் இரண்டு தனிப் பொருட்களாக நினைத்து வேலை செய்யுங்கள். திரவத்தில் நிற்க வேண்டியது அலகு மட்டும். பிடிக்குத் துணி போதும்.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களை மனத்தில் வைத்தே இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன். இரத்தினபுரிப் பக்கம் ஆண்டுக்கு 3500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. காம்பராவுக்குள் தொங்கும் துணியே காயாத மாதங்கள் உண்டு. கரி உருக்கில் செய்த பழைய கத்தி அந்த ஈரத்தில் ஒரே இரவில் துருப்பிடிக்கும். அதோடு, யட்டியந்தோட்டை, தெஹியோவிட்ட, காவத்தைப் பக்கங்களில் இறப்பர் இருக்கும் தோட்டங்களில் பாலை உறைய வைக்கும் அமிலமும், உறையாமல் வைக்கும் அமோனியாவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. தவறான போத்தலை எடுப்பது மிகச் சுலபம்.

எதற்காக இவ்வளவு கவனம்?

ஹெபடைற்றிஸ் பி வைரஸ் காய்ந்த இரத்தத்தில் குறைந்தது 7 நாட்கள் உயிரோடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தமே போதும். இலங்கையில் குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டத்தில் இதற்கான ஊசி 2003இல் தொடங்கிப் படிப்படியாகத்தான் சேர்ந்தது. ஆகவே இன்று நாற்காலியில் உட்கார்ந்து தாடையைக் கொடுக்கும் பெரியவர்களில் பலர் அந்த ஊசி போடாதவர்கள். படர்தாமரை, சீழ்க்கட்டு போன்றவையும் கத்தி வழியாகப் பரவும். காரணம் இவ்வளவு போதும், வேலைக்கு வருவோம்.

எப்போது செய்ய வேண்டும்?

கத்தி உங்கள் ஒருவருடையது, உங்கள் முகத்தில் மட்டுமே படுகிறது என்றால் ஒவ்வொரு சவரத்துக்குப் பிறகும் கழுவித் துடைத்துக் காயவைத்தால் போதும். வாரம் ஒருமுறை தொற்றுநீக்குங்கள். பின்வரும் சந்தர்ப்பங்களில் கட்டாயம் செய்யுங்கள்:

- கத்தி பழையது, தாத்தா வழியாக வந்தது அல்லது யாரிடமோ வாங்கியது
- இன்னொருவர் ஒருமுறையேனும் பாவித்தார்
- சவரத்தில் இரத்தம் வந்தது
- முகத்தில் பரு, புண், படர்தாமரை இருந்தது
- வெள்ள நீரோ சேறோ பட்டது

ஆட்களுக்குச் சவரம் செய்து பிழைப்பவருக்கு என் முடிவைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நிலையான அலகுள்ள கத்தியைப் பல முகங்களுக்குப் பாவிக்காதீர்கள். பிளேட் மாட்டும் கத்தியை எடுத்து, ஆளுக்கு ஒரு புதிய பிளேட் போடுங்கள். கீழே சொல்லும் முறை கத்தியைத் தொற்றுநீக்கும். ஆனால் அது ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக் கருவிகளைக் கிருமியற்றதாக்குவதற்கு ஈடாகாது.

முதலில் பிடியைப் பாருங்கள்

அலகின் கழுத்தில் ‘செபீல்ட்’ அல்லது ‘சோலிங்கன்’ என்று பொறித்த பழைய கத்தி வீட்டில் இருந்தால், அதன் பிடி எதனால் ஆனது என்று தெரியாமல் எந்தத் திரவத்தையும் தொடாதீர்கள். பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

கொம்பு: விளிம்பை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மங்கலாக ஒளி ஊடுருவும், கோடு கோடாக இழை தெரியும். எருமைக் கொம்பு கன்னங்கரேலென்று இருக்கும். நம் நகம் எந்தப் பொருளோ கொம்பும் அதே பொருள்தான். சுடுநீரில் வளையும், ஊறினால் ஏடு பிரியும், அதிகம் காய்ந்தால் வெடிக்கும்.

எலும்பு, தந்தம்: எலும்பில் நுண்ணிய கரும்புள்ளிகள் தெரியும். தந்தத்தில் புள்ளி இராது, மெல்லிய வரிகள் இருக்கும். இரண்டும் நீரை உறிஞ்சிப் பிறகு வெடிக்கும். கறை படிந்தால் போகாது.

மரம்: கருங்காலியானாலும் சரி, வேறு மரமானாலும் சரி, நீர் பட்டால் உப்பும். உப்பினால் ஆணி இறுகி அலகு கோணலாக மடங்கும். அப்படி மடங்கும்போது கூர் பிடியில் உரசி உடையும்.

செலுலோயிட்: ஆமையோடு போலவும் தந்தம் போலவும் செய்து விற்ற பழைய பிளாஸ்டிக். பெருவிரலால் சூடேறும்வரை தேய்த்து மூக்கருகே பிடியுங்கள். கற்பூர வாசம் வந்தால் செலுலோயிட்தான். இதற்கு ஸ்பிரிட் ஆகாது. பிடி இளகும், பளபளப்புப் போகும். நெருப்பு பட்டால் பக்கென்று பற்றிக்கொள்ளும்.

பேக்லைட்: கடினமான, பெரும்பாலும் கறுப்பு அல்லது பழுப்பு நிறப் பிடி. தாங்கும் சக்தி அதிகம். ஸ்பிரிட் துணியால் துடைக்கலாம். கொதிநீர் மட்டும் அதன் பளபளப்பைக் கெடுக்கும்.

அக்ரிலிக் போன்ற தெளிவான புதிய பிளாஸ்டிக்: நீர் தாங்கும். ஸ்பிரிட் பட்டால் முடி போன்ற நுண் வெடிப்புகள் விழும்.

*எச்சரிக்கை:* சூடான ஊசியால் குத்தியோ தீக்குச்சியால் சுட்டோ பிடியைச் சோதிக்காதீர்கள். அது செலுலோயிட் என்று தெரியவரும்போது உங்கள் கையில் நெருப்பு இருக்கும்.

பிடி எதுவென்று உறுதியாகத் தெரியாவிட்டால் செலுலோயிட் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த முறையால் எந்தப் பிடிக்கும் கேடு வராது.

தேவையானவை

- 70 வீத அல்கஹோல் உள்ள சேர்ஜிக்கல் ஸ்பிரிட் (பாமசியில் வாங்கியது, லேபிள் உள்ள போத்தல்)
- ஒடுங்கிய, உயரமான, கனமான அடியுள்ள கண்ணாடிக் குவளை
- உடுப்புக் காயப்போடும் மரக் கிளிப்
- மென்மையான பழைய பல் தூரிகை, பஞ்சுக் குச்சிகள்
- பஞ்சு உதிராத சுத்தமான பருத்தித் துணி மூன்று
- சவர்க்காரம், கையுறை
- தையல் மெஷின் எண்ணெய்

‘90 வீதம் என்றால் இன்னும் நல்லதுதானே’ என்று பாமசியில் கேட்பவர்கள் உண்டு. அல்ல. கிருமியின் புரதத்தைக் குலைக்க நீரும் வேண்டும். 70 வீதமே சரியான கலவை.

செய்முறை

1. இஸ்தோப்பில், காற்றோட்டமான இடத்தில் உட்காருங்கள். விறகடுப்பு, குப்பி விளக்கு, சாமி விளக்கு, பீடி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஸ்பிரிட் எரியும் சுவாலை பகலில் கண்ணுக்கே தெரியாது. பிள்ளைகளை விலகி இருக்கச் சொல்லுங்கள்.

2. கையுறை போட்டு, கத்தியை நேர்க்கோடாக விரியுங்கள். பிடி மேலே, அலகு கீழே. இந்த நிலை கடைசிவரை மாறக் கூடாது. அலகை மேலே தூக்கினால் நீர் வழிந்து ஆணிக்குள்ளும் பிடிக்குள்ளும் இறங்கும்.

3. குளிர்ந்த நீரைச் சிறு தாரையாக விட்டு அலகை மட்டும் கழுவுங்கள். இரத்தக் கறைக்குச் சுடுநீர் கூடாது, இரத்தம் உறைந்து ஒட்டிக்கொள்ளும்.

4. தூரிகையில் சவர்க்கார நுரை எடுத்து, அலகின் முதுகிலிருந்து கூரை நோக்கித் தேயுங்கள். கூரின் நீளவாக்கில் ஓட்டாதீர்கள், உங்கள் விரல் அங்கேதான் இருக்கும். இந்தப் படியை யாரும் தாண்டிப் போகக் கூடாது. அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கும் இடத்தில் ஸ்பிரிட் கிருமியைத் தொடாது.

5. ஆணியைச் சுற்றிச் சேர்ந்திருக்கும் முடித் துகளையும் சவர்க்காரப் படிவையும் பஞ்சுக் குச்சியால் எடுங்கள். குச்சி ஈரமாக இருக்கலாம், சொட்டக் கூடாது.

6. துணியை மடித்து முதுகுப் பக்கமாகப் பிடித்து, கூரை நோக்கித் துடைத்து முழுதாகக் காயவிடுங்கள். ஈரத்தோடு அமிழ்த்தினால் ஸ்பிரிட்டின் செறிவு குறையும்.

7. குவளையின் அடியில் துணியை நாலாக மடித்துப் போடுங்கள். அலகின் நுனி கண்ணாடியில் மோதினால் சில்லுப் போகும். அலகு முழுவதும் மூழ்கி, ஆணிக்கு ஒரு விரற்கடை கீழே நிற்கும் அளவுக்கு ஸ்பிரிட் ஊற்றுங்கள். ஒடுங்கிய குவளையில் 150 முதல் 200 மில்லிலீற்றர் போதும்.

8. மரக் கிளிப்பால் அலகின் கழுத்தைக் கவ்வி, கிளிப்பைக் குவளையின் வாயில் குறுக்கே வையுங்கள். கத்தி தொங்கி நிற்கும், பிடி வெளியே இருக்கும். ஒருமுறை குவளையை மெதுவாகத் தட்டிப் பாருங்கள். சாயும் என்றால் இன்னும் கனமான குவளை தேடுங்கள்.

9. 10 நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கிடுங்கள். துணியில் ஸ்பிரிட் நனைத்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டு முடிந்தது என்பது தொற்றுநீக்கம் ஆகாது. அதே நேரம், இரவு முழுக்க ஊறவும் விடாதீர்கள். ஸ்பிரிட்டில் 30 வீதம் நீர் இருக்கிறது, துருப்பிடிக்கும்.

10. எடுத்துப் புதிய துணியால் துடைத்து, நிழலில் காற்றாட வையுங்கள்.

11. காய்ந்த பிறகு அலகில் ஒரு சொட்டு, ஆணியில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். மெல்லிய படலமாகத் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் நாட்பட்டால் காறிப் பிசுபிசுக்கும், அலகுக்கு வேண்டாம்.

*கவனிக்க:* தோல்வாரில் தீட்டுவது தொற்றுநீக்கிய பிறகே. அழுக்குக் கத்தியை வாரில் இழுத்தால் கிருமி தோலில் ஏறிவிடும், தோலைத் தொற்றுநீக்க நல்ல வழி கிடையாது. வேறொருவர் கத்தி தீட்டிய வாரில் உங்கள் கத்தியைத் தீட்டாதீர்கள். பால்வெட்டுக் கத்தி தீட்டும் கல்லும் சவரக்கத்திக்கு ஆகாது, அது சொரசொரப்பான கல்.

*இன்னொன்று:* அடுத்த சவரத்துக்கு முன் எண்ணெயை ஸ்பிரிட் துணியால் துடைத்துவிட்டு ஆரம்பியுங்கள். ஊற்றிய ஸ்பிரிட்டைத் திரும்பப் போத்தலில் சேர்க்க வேண்டாம்.

பிடிக்குச் செய்ய வேண்டியது

கொம்பு, எலும்பு, மரம், பேக்லைட் பிடிகளை முதலில் சவர்க்கார நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள், உடனே காய்ந்த துணியால் துடையுங்கள். பிறகு ஸ்பிரிட் நனைத்துப் பிழிந்த துணியால் வெளிப்புறம், உட்புறம் ஒருமுறை துடைத்து, மறுபடி காய்ந்த துணி. இரண்டு பிடித்தகடுகளுக்கும் நடுவே துணி போகாவிட்டால் தடித்த பருத்தி நூலை நனைத்துப் பிழிந்து இழுக்கலாம். அந்த வேலையின்போது அலகை நன்றாக விரித்து உங்கள் கையிலிருந்து விலக்கி வையுங்கள். கடைசியில் கொம்புக்கும் மரத்துக்கும் எண்ணெய் தொட்ட துணியால் ஒரு தடவல். ஸ்பிரிட் கொம்பின் ஈரப்பசையை எடுத்துவிடும், எண்ணெய் அதைத் தணிக்கும்.

செலுலோயிட், அக்ரிலிக் பிடிகளுக்குச் சவர்க்கார நீர்த் துணியோடு நிறுத்துங்கள். இரண்டு மூன்று முறை துடைத்தால் போதும். பிடி படுவது உங்கள் கையில், கையைக் கழுவுவது உங்கள் பொறுப்பு.

செலுலோயிட் பிடியில் வெடிப்பு விழுந்து, காரமான வாசம் அடித்து, பித்தளை ஆணியில் பச்சை பூத்து, அலகில் பிடிக்குள் மடங்கும் பகுதி மட்டும் துருப்பிடித்தால் பிடி அழுகத் தொடங்கிவிட்டது என்று அறியுங்கள். அது விடும் அமில ஆவி பக்கத்தில் இருக்கும் கத்திகளையும் தின்னும். தனியே எடுத்து வையுங்கள். அலகு நல்லதாக இருந்தால் பிடியை மாற்றுவதே வழி.

வெடித்த பிடிக்குள் இரத்தம் இறங்கியிருந்தால் அந்தக் கத்தியை இன்னொருவர் முகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். வெடிப்புக்குள் இருப்பதைத் துணியால் எடுக்க முடியாது.

கை போகக் கூடாத திரவங்கள்

சாராயம்: கடைச் சாராயத்தில் அல்கஹோல் பொதுவாக 33 முதல் 37 வீதம். தொற்றுநீக்கத்துக்கு அது போதாது. கசிப்பில் என்ன இருக்கிறதென்று காய்ச்சியவருக்கே தெரியாது.

குளோரின்: கிணற்றுக்கும் தண்ணீர்த் தாங்கிக்கும் போடும் குளோரின் தூள், வீட்டில் பாவிக்கும் வெளிற்றும் திரவம் இரண்டும் கிருமியைக் கொல்லும், உண்மைதான். ஆனால் உருக்கில் குழி தோண்டும், பித்தளை ஆணியைக் கறுக்க வைக்கும், கொம்பைக் கரைக்கும். தரையில் சிந்திய இரத்தத்துக்குப் பாவியுங்கள், கத்திக்கு வேண்டாம்.

போமிக் அமிலம், அமோனியா: இறப்பர்த் தோட்டத்தில் இவற்றைக் கையாள்பவர்களுக்கு இவற்றின் எரிவு தெரியும். கத்திக்கு இரண்டும் ஆகா. அதைவிட முக்கியமானது, குளோரின் திரவத்தோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், அமோனியா சேர்ந்தாலும் நச்சு வாயு வரும். மூடிய காம்பராவுக்குள் இது ஆளைக் கொல்லக்கூடியது. ஒரு சட்டியில் ஒரு திரவம்தான். பாலுக்குப் பாவித்த வாளியில் வேறு எதையும் கலக்காதீர்கள்.

தேசிக்காய், படிகாரம்: இரண்டும் உருக்கைத் தின்னும். படிகாரம் தோலின் கசிவை நிறுத்தும், கத்தியைத் தொற்றுநீக்காது. ஒரே படிகாரக் கட்டியைப் பல முகங்களில் தேய்ப்பது கத்தியைப் பகிர்வதற்குச் சமமான ஆபத்து.

டெற்றோல்: தோலுக்கும் தரைக்கும் நல்லது. இரத்தத்தால் பரவும் வைரஸுக்கு அதை நம்பி இருக்க வேண்டாம்.

சலூன்களில் சீப்புப் போட்டு வைக்கும் நீல நிறத் திரவம்: இந்த வகையில் முதலில் பெயர் பெற்ற ‘பார்பிசைட்’ 1947இல் அமெரிக்காவில் மொரிஸ் கிங் உருவாக்கியது. சீப்புக்கும் கத்தரிக்கோலுக்கும் பொருத்தமானது. மடக்குக் கத்தியை முழுதாக அதில் போட்டால் எந்தத் தண்ணீரில் போட்டாலும் வரும் அதே கேடு பிடிக்கு வரும். அலகை மட்டும் தொங்கவிட்டுப் பாவிக்கலாம்.

நெருப்பு: திரவம் அல்ல என்றாலும் இங்கே சொல்லியாக வேண்டும். சவரக்கத்தியின் உருக்குக்குப் பதம் ஏற்றுவது ஏறக்குறைய 200 பாகைச் செல்சியசுக்கு உட்பட்ட சூட்டில். அடுப்புச் சுவாலை அதைவிட மிக அதிகம். மெல்லிய கூர் நொடியில் பதம் இழக்கும், அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

வெள்ளத்தில் அகப்பட்ட கத்தி

2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் களு கங்கை பெருகி இரத்தினபுரியை மூழ்கடித்தது. வெள்ளம் வடிந்த வீட்டில் கிடைக்கும் கத்தியில் சேறு மட்டும் அல்ல, மலசலகூட நீரும் பட்டிருக்கும். சேற்றைக் குளிர்ந்த நீரில் கழுவி, கத்தியை விரித்தபடி நிழலில் இரண்டு மூன்று நாள் மெதுவாகக் காயவிடுங்கள். வெயிலிலோ அடுப்பருகிலோ வைத்தால் கொம்பும் மரமும் பிளக்கும். அலகுக்கு மட்டும் அன்றே எண்ணெய் தடவுங்கள். பிடி காய்ந்து பழைய வடிவுக்கு வந்த பிறகு மேலே சொன்ன 11 படிகள். அலகு நடுவில் மடங்காமல் பிடியில் உரசினால், திருத்தும்வரை பாவிக்க வேண்டாம்.

எங்கே வைப்பது?

தோல் உறைக்குள் வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். எண்ணெய் தொட்ட துணியில் சுற்றி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில், புகையும் சுவர் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள். மழை மாதங்களில் வாரம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஸ்பிரிட்டைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். யாராவது குடித்துவிட்டால் உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.

வெட்டுப்பட்டால்

1. காயத்தைப் பிதுக்க வேண்டாம், வாயால் உறிஞ்ச வேண்டாம். ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.
2. சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள்.
3. இன்னொருவரின் இரத்தம் பட்ட கத்தி வெட்டியிருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் நடந்ததைச் சொல்லுங்கள். ஹெபடைற்றிஸ் பி தடுப்பு மருந்து தாமதமாகத் தாமதமாகப் பலன் குறையும்.
4. ஏற்புவலி ஊசி எப்போது போட்டீர்கள் என்று கேட்பார்கள். ஏற்புவலிக் கிருமியின் வித்துகளை ஸ்பிரிட் கொல்லாது, ஆகவே அந்த ஊசி முக்கியம்.

சவரக் காயத்தோடு மாணிக்கக் குழியிலோ வயலிலோ இறங்காதீர்கள். இலங்கையில் எலிக்காய்ச்சல் அதிகம் பதிவாகும் மாவட்டங்களில் இரத்தினபுரியும் கேகாலையும் அடங்கும். அந்தக் கிருமி தோல் கிழிந்த இடத்தால் சுலபமாக உள்ளே போகும்.

கருமாதி, மொட்டை: ஒரே நேரத்தில் பல தலைகள்

ஆற்றங்கரையில் கருமாதி நடக்கிறது. மகன்மார், பேரன்மார், பங்காளிகள் என்று வரிசையாக உட்கார்கிறார்கள். ஒருவர் தலை முடிந்ததும் கத்தியைச் செம்புத் தண்ணீரில் அலசி அடுத்த தலைக்கு. கோயிலில் பிள்ளைக்கு முடி இறக்கும்போதும் இதுவே நடக்கிறது. ஒரு தோட்டத்தில் தொற்று ஒரே நாளில் பல வீடுகளுக்குப் போக இதைவிடச் சுலபமான வழி இல்லை. தலைச் சவரத்தில் சிறு கீறல் விழாமல் முடிவது அபூர்வம். ஒவ்வொரு தலைக்கும் கத்தியைக் கழுவிக் காயவைத்து 10 நிமிடம் ஊறவைக்க அங்கே யாருக்கும் பொறுமை இராது. அதனால் நிலையான அலகை அங்கே கொண்டுபோகவே வேண்டாம்.

பிளேட் மாட்டும் கத்தி மூன்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று கையில், மற்ற இரண்டும் பிளேட் கழற்றி, கழுவித் துடைத்து, தலைப்பகுதி ஸ்பிரிட்டில். தலைக்கு ஒரு புதிய பிளேட். கடதாசி உறையைப் பிரிக்காமலே நீளவாக்கில் முறித்தால் விரல் தப்பும். கழற்றிய பிளேட்டை மூடியுள்ள பால்மா டின்னில் போடுங்கள். தேயிலை மலையிலோ கானிலோ எறிந்தால் மறுநாள் கொழுந்து எடுக்கப் போகும் பெண்ணின் காலில் ஏறும். டின் முக்கால்வாசி நிறைந்ததும் மூடியை இறுக்கி ஒட்டி, தோட்ட வைத்தியசாலையில் கேட்டு ஒப்படையுங்கள்.

கருமாதிச் செலவில் பிளேட்டுக்கு ஆகும் பணம் கணக்கில் வராத அளவு சிறியது. முடிவெட்ட வருபவரிடம் முதல் நாளே பேசிவிடுங்கள், அவர் மறுக்கமாட்டார், அவருடைய கையும் அதே கத்தியில்தான் படுகிறது. சாமான் பட்டியல் எழுதும் மூத்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கற்பூரம், ஊதுபத்தி, எள்ளு என்று எழுதும் அதே தாளில், தலைக்கு ஒன்று என்ற கணக்கில் பிளேட்டையும் எழுதிவிடுங்கள்.